ஒன்றே முக்கால் பஸ்ஸும் கடைசிப் பாடவேளையும்

1

"பாடசாலை முடிவு மணிக்குப் பின்னர் மாணவர் எவரையும் வகுப்பறையில் நிறுத்தி வைத்தல் ஆகாது. தவிர்க்க முடியாத தேவை இருப்பின் அதிபரின் அனுமதி பெறுவதுடன் பெற்றோருக்கு முதல் நாளே அறிவிக்கவும் வேண்டும்."

நான் முதன்முதலாக ஆசிரியையாகக் கடமையேற்ற பள்ளிக்கூடத்தில், அதிபரின் கதிரைக்குப் பின்னால் இந்த விதி ஒட்டப்பட்டிருந்தது. அந்தப் பள்ளிக்கூடமும் கதிரையும் இன்று இல்லை. விதி எனக்கு மனப்பாடம். விதிகளை மறப்பது என் பழக்கமில்லை. டென்மார்க்கில் கொம்யூன் என்று சொல்லப்படும் நகராட்சி அலுவலகத்தில், விண்ணப்பம் கொண்டுவருகிறவர்களிடம் "இன்னும் ஓர் இணைப்புக் குறைகிறது" என்று மரியாதையாகச் சொல்வதே ஓய்வுபெறும் வரை என் தொழிலாக இருந்தது.

அதற்கு முன்பு மீன் தொழிற்சாலையில் நின்றேன். அதற்கும் முன்பு, போன புதிதில், என் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழை அங்கே ஒரு மேசையில் நீட்டினேன். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கள் அட்டவணையில் இப்படி ஒரு கல்லூரி இல்லையே" என்றாள். சில வருடங்கள் கழித்து அதே மேசைக்குப் பின்னால் நான் இருந்து, அதே வசனத்தை வேறு ஆட்களுக்குச் சொன்னேன். டேனிஷ் மொழியில் அது இன்னும் மரியாதையாகவே ஒலிக்கும்.

ஆகவே சென்ற வருடம் ஊருக்குத் திரும்பி, ஒட்டுசுட்டானில் தங்கை பவளத்தின் வீட்டில் சில மாதங்கள் தங்கப் போனபோது, முப்பது வருடத்துக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு கரும்பலகைக்கு முன்னால் வெண்கட்டியைக் கையில் எடுப்பேன் என்று நான் எண்ணியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிவநேசன், காட்டோரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் அதிபர். வந்த வாரமே வேலிக்கு மேலால் கேட்டார்.

"அக்கா, பதினோராம் ஆண்டுக்குக் கணக்குப் படிப்பிக்க ஆளில்லை. மாசியில சோதினை. நீங்கள் சும்மாதானே இருக்கிறியள்?"

"வெளியாள் வகுப்பெடுக்க எழுத்தில அனுமதி வேணுமெல்லோ?"

"அதெல்லாம் கேட்டிட்டன். ஆட்சேபனை இல்லையாம்."

"எழுத்திலயோ?"

"வாயாலதான். எங்கட இடத்தில வாயால சொன்னால் சொன்னதுதான் அக்கா."

வாயால் சொன்னது வாயோடு போகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வெண்கட்டி என்றதும் கை ஊறிவிட்டது.

2

கணிதம் எட்டாவது பாடவேளை, ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடுமுன் கடைசிப் பாடம். பகல் சாப்பாட்டு நினைப்பில் பிள்ளைகளுக்குக் கண் சொருகும் நேரம். கணிதத்தைக் காலையில் வைக்க வேண்டும் என்பது பயிற்சிக் கல்லூரியில் முதல் மாதமே சொல்லித் தருவது. ஏன் இப்படி என்று கேட்டேன். சிவநேசன் சிரித்தார்.

"கணக்கு வாத்தியார் மாற்றலாகிப் போனபிறகு அது ஆளில்லாப் பாடமாப் போச்சு. ஆளில்லாப் பாடத்தைக் கடைசியில வைச்சால் பிள்ளையள் வெள்ளனவா வெளிக்கிட்டுப் போகுங்கள்தானே."

"இப்ப ஆள் இருக்குத்தானே. முதலாம் பாடமா மாத்துங்கோவன்."

"ஐயோ அக்கா, மற்ற ரீச்சர்மார் வவுனியாவில இருந்து வாடகை வானில வாறவை. ஏழாம் பாடம் முடியத் திரும்பவும் வான் வெளிக்கிடும். கடைசிப் பாடத்தை அவையின்ரை தலையில கட்டினால் அடுத்த மாதமே மாற்றல் கேப்பினம். பிறகு எல்லாப் பாடமும் ஆளில்லாப் பாடம்தான்."

நேர அட்டவணையை மாற்றும் அதிகாரம் முழுவதும் அதிபருடையது. ஆனால் அந்த அட்டவணையை இயக்கியது வான். இதை எந்த விதிக்கோவையிலும் நான் படித்ததில்லை.

வகுப்பில் பதினெட்டுப் பிள்ளைகள். அப்பியாசக் கொப்பியை நீட்டினால் என்னை அறியாமல் "தக்" என்றுவிடுவேன், டேனிஷில் நன்றி. மூன்றாம் நாள் வெண்கட்டியை எனக்கு எடுத்துக் கொடுத்தபோது கஜன் என்ற பெடியன் பணிவாக "தக் ரீச்சர்" என்றான். ஏதோ புதுக் கணித முறை என்று நினைத்திருக்கிறார்கள்.

மற்றப்படி எல்லாம் நான் விட்டுப்போன மாதிரியே இருந்தது. ஒரு கணக்கைக் கரும்பலகையில் செய்து முடித்து, திரும்பி, "விளங்கிச்சுதோ?" என்று கேட்பேன். "ஓம் ரீச்சர்!" என்று பதினெட்டு வாயும் ஒன்றாகச் சொல்லும். அந்தச் சத்தம் கேட்டு முப்பது வருடமாகிவிட்டது. டென்மார்க்கில் என் மகள் நிலானியின் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டத்தில், "உங்கள் மகள் விளங்கவில்லை என்று உடனே சொல்கிறாள், மிக நல்லது" என்று ஆசிரியர் பாராட்டியதும், நான் வெட்கத்தில் குனிந்ததும் நினைவுக்கு வந்தன. வீட்டுக்கு வந்து பிள்ளையை ஏசினேன் என்றும் நினைக்கிறேன். இங்கே அந்தத் தொல்லை இல்லை. முதல் தடவையிலேயே எல்லாருக்கும் விளங்கிவிடுகிறது. இடைவெளி விழுந்தாலும் கை கெட்டுப்போகவில்லை என்று தங்கையிடம் பெருமையடித்தேன்.

3

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை. சமன்பாடு. ஒரு பக்கத்தில் கழித்தலாக இருந்த எண் மற்றப் பக்கம் போகும்போது கூட்டலாகிறது. எழுதி முடித்துத் திரும்பினேன்.

"விளங்கிச்சுதோ?"

"ஓம் ரீச்சர்!"

அந்தச் சத்தம் அடங்கியதும் யன்னலோரத்திலிருந்து மதுசிகா எழும்பினாள். மெலிந்த பிள்ளை. அதுவரை அவள் குரலை நான் தனியாகக் கேட்டதில்லை.

"ரீச்சர், எனக்கு விளங்கேல்லை. அங்கால போனால் ஏன் குறி மாறுது? ஆர் மாத்துறது?"

வகுப்பில் ஒரு சீறல் எழுந்தது. "இருடி." "இவளுக்கு இப்பத்தான் வந்திட்டுது." "வாயை மூடன்டி."

கேள்வி கேட்கிறவளைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்து அந்தப் பக்கத்தை நன்றாக ஏசினேன். பிறகு தராசு கீறினேன். இரண்டு தட்டிலும் ஒரே நிறையைக் கூட்டினால் தராசு சரியாது என்று காட்டினேன். மணி அடித்தது. "ஒரு நிமிசம் இருங்கோ" என்றேன். ஓர் ஆசிரியரின் ஒரு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். எண்களை மாற்றிப் போட்டேன். வகுப்பு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் மதுசிகாவின் முகம் விரிந்தது.

"ஓ… ஒண்டும் அங்கால போறேல்லை. ரெண்டு பக்கமும் நாங்கள் கூட்டுறம். அதுதானே ரீச்சர்?"

அதுதான். பறக்காத குறையாக வீட்டுக்கு வந்தேன்.

"பவளம், இண்டைக்கு ஒரு பிள்ளை கேள்வி கேட்டது!"

தங்கை சோற்றை வடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"எத்தினை மணிக்கு விட்டனீங்கள்? ஒண்டே முக்கால் பஸ் போகேக்க படலையில நிண்டனான். அதில பள்ளிக்கூடப் பிள்ளையளைக் காணேல்லை."

4

அந்த வகுப்பில் ஐந்து பிள்ளைகள் குளத்துக்கு அப்பாலுள்ள குடியிருப்பிலிருந்து வருகிறவர்கள். பஸ்ஸை விட்டால் அடுத்தது பின்னேரம்தான். அதுவும் மழை நாளில் வந்தால் உண்டு. ஐவரும் சந்தியில் நின்று பார்த்துவிட்டு நடந்திருக்கிறார்கள். குளக்கட்டு வீதியில் தனி யானை ஒன்று நின்றிருக்கிறது. தனி யானைதான் பொல்லாதது. அது இரண்டடி முன்னால் வைத்ததும் பிள்ளைகள் சிதறி ஓடினார்கள். மதுசிகா மதகுக்குள் விழுந்தாள். விழுந்ததால் யானைக்குத் தெரியாமல் தப்பினாள் என்று சொன்னார்கள். வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது.

காலையில் அதிபர்தான் இதைச் சொன்னார். பிள்ளையின் தகப்பன் வருகிறார் என்றும் சொன்னார். நான் தயாரானேன். என் பக்கத்தில் நியாயம் எதுவும் இல்லை. மேலே எழுதிய விதியை, அதை மனப்பாடமாகத் தெரிந்த ஒருத்தியே மீறியிருக்கிறாள். அவர் கத்தினால் கேட்டுக்கொண்டிருப்பது, பொலிசில் முறையிட்டால் வாக்குமூலம் கொடுப்பது என்று வரிசைப்படுத்தி வைத்தேன்.

வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கையில் ஒரு போத்தல் காட்டுத்தேன். அதை என் மேசையில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"ரீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

எனக்கு விளங்கவில்லை.

"இவளின்ரை வாய் சும்மா கிடவாது. மற்றப் பிள்ளையள் எல்லாம் பேசாமல் இருக்கேக்க இவள் எழும்பி உங்களை மறிச்சுப்போட்டாள். நல்லா ஏசிப்போட்டன். இனி இப்பிடி நடவாது."

"ஐயா, பிழை என்ரை. மணி அடிச்சபிறகு விடாமல் வைச்சிருந்தது நான்."

"அப்பிடிச் சொல்லாதேங்கோ ரீச்சர். நீங்கள் வெளிநாட்டால வந்து காசு வாங்காமல் படிப்பிக்கிறியள். எங்கட பிள்ளைதான் பிழை." அவர் பார்வை தேன் போத்தலில் இருந்தது. "இனி அவளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறிச்சுப்போட்டன். விளங்காத பிள்ளையை அனுப்பி என்ன செய்யிறது? ஒரு பாடத்துக்காண்டி யானைக்குக் குடுக்கேலாது. கை சுகமானதும் வவுனியாவில மாமி வீட்டை அனுப்பப்போறன். தையல் பழகட்டும்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

5

ஞாயிற்றுக்கிழமை நிலானி தொலைபேசி எடுத்தாள். அவளுக்குத் தமிழ் நன்றாக வரும் என்று நாங்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்.

"அம்மா, யானை அந்தப் பிள்ளையைக் கடிச்சதா?"

"யானை கடியாது."

"ஆனா பள்ளிக்கூடம் ஏன் பிள்ளையளைத் தனிய நடக்க விட்டது? நீங்கள் ரிப்போர்ட் பண்ணோணும். அது உங்கட கடமை. நீங்கள்தானே எனக்குச் சொல்லித் தந்தனீங்கள்."

உண்மை. டென்மார்க்கில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும். அப்படி வந்த அறிவித்தல்களுக்கு நானே முத்திரை குத்தியிருக்கிறேன்.

"ஆரைப் பற்றி ரிப்போர்ட் பண்ணுறது?" என்று கேட்டேன்.

"அந்த ரீச்சரைத்தான்!"

அந்த ரீச்சர் நான்தான் என்பதை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. பின்னால் பேரன் டேனிஷில் எதையோ கேட்டான். அம்மம்மா அழுகிறாவா என்றுதான் கேட்டான். அதையாவது அவன் தமிழில் கேட்டிருக்கலாம்.

6

திங்கட்கிழமை வகுப்பில் கணக்கு எழுதவில்லை. மணி அடிக்க நிறைய நேரம் இருந்தபோதே வெண்கட்டியை வைத்துவிட்டேன்.

"உண்மையைச் சொல்லுங்கோ. இவ்வளவு நாளும் விளங்கிச்சு எண்டனீங்கள். விளங்கினதோ?"

ஒருவரையொருவர் பார்த்தார்கள். கஜன்தான் எழும்பினான்.

"ரீச்சர் ஏசமாட்டியளே?"

"இல்லை."

"கடைசிப் பாடத்தில விளங்கிச்சோ எண்டு கேக்கிறது, போவமோ எண்டு கேக்கிற மாதிரித்தானே ரீச்சர். நாங்கள் ஓம் எண்டால் நீங்கள் விடுவியள். பஸ் பிடிக்கிற ஆக்கள் முதல்ல ஓம் எண்டுவினம். அவைக்காண்டி நாங்களும் சொல்லுறது. மதுசிகாவுக்கும் அது தெரியும். எண்டாலும் கேட்டுப்போட்டாள்."

ஒரு சின்னச் சமன்பாட்டை எழுதிச் செய்யச் சொன்னேன். பதினேழு கொப்பிகளிலும் அழகான எழுத்து. விடை ஒன்றும் சரியில்லை. இத்தனை வாரமும் நான் கரும்பலகைக்குத்தான் படிப்பித்திருக்கிறேன். முப்பது வருடத்துக்கு முன்பும் இதே "ஓம் ரீச்சர்" சொல்லப்பட்டது. அப்போது எந்த பஸ்ஸுக்காகச் சொன்னார்கள் என்று இனி யாரிடம் கேட்பது?

அன்றைக்கே அதிபருடன் மதுசிகாவின் வீட்டுக்குப் போனேன். பத்தாம் ஆண்டில் படிக்கும் அவள் தம்பி படலையைத் திறந்துவிட்டான். இனி மணிக்கு விடுவேன், பிள்ளையை அனுப்புங்கள் என்றேன். தகப்பன் யோசித்தார்.

"நீங்கள் விடுவியள் ரீச்சர். ஆனால் இவள் கேப்பாளே. கேட்டால் நீங்கள் சொல்லாமல் விடுவியளோ?"

"நான் கேக்காமல் இருக்கிறன் அப்பா" என்று மாவுக்கட்டுக் கையோடு மதுசிகா உள்ளேயிருந்து சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே வெளியே வந்தாள். "இல்லை, அது பொய். கேக்காமல் இருக்கிறதெண்டால் நான் ஏன் பள்ளிக்கூடம் போவான்? வீட்டில இருந்தே கேக்காமல் இருக்கலாம்தானே."

"பாத்தியளே வாயை" என்றார் தகப்பன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "சரி ரீச்சர். பஸ் ஒரு இருவது நிமிசம் பிந்தி வெளிக்கிட்டால் அனுப்புறன். இல்லையெண்டால் தை பிறக்க அவள் வவுனியாவில."

இருபது நிமிடம். ஒரு பிள்ளையின் படிப்பு இருபது நிமிடத்தில் தொங்குகிறது என்றால், அதற்கு ஒரு நடைமுறை இருக்கும் என்று நான் நம்பினேன். பஸ் டிப்போவின் பொறுப்பாளருக்கு விண்ணப்பம், அதிபரின் சிபாரிசு, பெற்றோரின் கையொப்பம், கல்வி அலுவலகத்துக்குப் பிரதி. ஓர் இணைப்பும் குறையவில்லை. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

7

பதில் வரவில்லை. நேரில் போனேன். "கடிதம் கிடைச்சது அம்மா, சம்பந்தப்பட்ட ஆக்களிட்டை விளக்கம் கேட்டிருக்கு" என்றார்கள். "எவ்வளவு நாளாகும்?" என்றேன். இத்தனை வருடமாக அந்தக் கேள்விக்கு நான் எப்படிச் சிரித்தேனோ, அப்படியே எதிரில் இருந்தவரும் சிரித்தார்.

தை கிட்ட வந்தது. வவுனியா மாமிக்குச் சொல்லியாகிவிட்டது என்று கஜன் செய்தி கொண்டுவந்தான். அன்று மணி அடித்ததும் நான் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகளோடு சந்திக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறினேன்.

கொண்டக்டர் திடுக்கிட்டார். "எங்க ரீச்சர்?"

"கடைசி மட்டும். திரும்பி வரேக்கயும் உங்களோடதான்."

அந்த பஸ் குடியிருப்பில் போய் நின்று, நாலு மணிக்குத் திரும்பி வரும். மதுசிகாவின் தகப்பனிடம் நேரே போனேன்.

"ஐயா, பஸ் பிந்தாது. நான் பஸ்ஸில வாறன். விளங்காததை அதில கேக்கட்டும். மிச்சத்தை உங்கட வீட்டு வாசலில கேக்கட்டும்."

அவர் என்னையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒவ்வொரு நாளுமோ ரீச்சர்?"

"ஒவ்வொரு நாளும்."

மறுநாள் அவள் வந்தாள். அப்போது மாவுக்கட்டு அவிழ்த்தாயிற்று, கை மட்டும் இன்னும் விறைப்பு. பஸ்ஸில் கேள்விகள் ஆரம்பித்தன. முதலில் மதுசிகா, பிறகு கஜன். அவன் வீடு சந்திக்குப் பக்கத்தில். கேள்வி கேட்பதற்காகவே ரிக்கற் எடுத்து ஏறினான். பஸ்ஸில் "விளங்கேல்லை" என்று சொல்வதில் ஒரு நட்டமும் இல்லை. வீடு வரும்வரை வேறு வேலையும் இல்லை. குலுக்கலில் என் முக்கோணங்களுக்கு நான்கு பக்கம் வந்தது.

"ரீச்சர், இண்டைக்கு என்ன பாடம்?" என்று கேட்பார் கொண்டக்டர்.

"வட்டி."

"அப்ப எனக்கும் கொஞ்சம் பலத்துச் சொல்லுங்கோ. லீசிங்காரன் என்னை ஏய்க்கிறானோ எண்டு பாக்க வேணும்."

மாசியில் பரீட்சை நடந்தது. கணித வினாத்தாள் முடிந்து மதுசிகா வெளியே வந்தபோது வாசலில் நின்றேன். கை வலித்ததா என்று கேட்டேன்.

"அது பரவாயில்லை. ஒரு கேள்வி விளங்கேல்லை ரீச்சர். எழும்பி மண்டபப் பொறுப்பாளரிட்டைக் கேட்டனான்."

"சோதினை மண்டபத்திலயோ? என்ன சொன்னவர்?"

"ஏசிப்போட்டார். பிறகு திரும்பவும் வாசிச்சன், விளங்கிட்டுது."

பெறுபேறு இன்னும் வரவில்லை. வவுனியாவுக்கு அவள் போகவில்லை. உயர்தரத்துக்குப் படிக்கட்டும் என்று தகப்பன் வாயால் சொல்லியிருக்கிறார். பரீட்சைக்கு அடுத்த கிழமையே எனக்கு விமானம்.

8

டென்மார்க்குக்கு வந்து, குசினியில் சாமான்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, பவளம் டிப்போவின் பதிலைப் படமெடுத்துத் தொலைபேசிக்கு அனுப்பினாள். முறையான கடிதம். கோப்பு இலக்கம் உண்டு. சாரம் இதுதான்: எனது கோரிக்கை கவனமாகப் பரிசீலிக்கப்பட்டது. கல்வி அலுவலகத்திடம் விளக்கம் கோரப்பட்டது. குறித்த பாடசாலையில் கணித ஆசிரியர் பதவி நீண்டகாலமாக வெற்றிடமாக இருப்பதால் எட்டாம் பாடவேளையில் கற்பித்தல் எதுவும் நடைபெறுவதில்லை எனத் தெரியவந்துள்ளது. எனவே, பிள்ளைகள் வீணே காத்திருப்பதைத் தவிர்க்கும் பொருட்டு, மாணவர் நலன் கருதி, பஸ் அரை மணித்தியாலம் முன்னதாகப் புறப்பட ஒழுங்கு செய்யப்பட்டுள்ளது.

நின்றபடியே வாசித்தேன். பிறகு கதிரையில் இருந்து வாசித்தேன். தொழில் பழக்கத்தில் பிழை தேடினேன். இல்லை. அலுவலகத்தின் பதிவில் நான் இருந்ததில்லை. வாயால் சொன்ன அனுமதிக்கு வரவுப் புத்தகத்தில் இடமில்லை. அவர்கள் அதை எழுதியபோது அது பொய். அப்போது நான் வெண்கட்டியோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றேன். என் கைக்கு வந்தபோது ஒவ்வொரு வசனமும் உண்மையாகியிருந்தது.

சிவநேசனுக்கு எடுத்தேன்.

"ஓம் அக்கா, கடிதம் எங்களுக்கும் வந்தது. பிள்ளையளுக்கு வலு சந்தோசம். இப்ப வெள்ளனவா வீட்டை போகுதுகள், யானைப் பயமும் இல்லை. உங்களுக்கு நன்றி சொல்லச் சொல்லிச்சினம்."

"கணக்குப் பாடம்?"

"அதுக்குத்தான் ஆளில்லையே."

"மதுசிகாவின்ரை தம்பி இந்த வருசம் பதினோராம் ஆண்டெல்லோ? அவனுக்கு ஆர் படிப்பிக்கிறது?"

தொலைபேசியில் பள்ளிக்கூட மணி கேட்டது. பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டது.

"பாப்பம் அக்கா" என்றார் அதிபர். "எழுத்தில கேளுங்கோ."

பதில் கிடைத்த திகதி: பங்குனி மாதம் பன்னிரண்டு, வியாழக்கிழமை.